ராத்திரியில் வரும் துத்தநாகக் காய்ச்சல்

ஐப்பசி மழைக்கு முன்னால் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்கள் கவலையோடு அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். பட்டுத்தறி தரையில் தோண்டிய குழியில் கால் தொங்கவிட்டு நெய்கிற தறி. தறிக்குழியில் தண்ணீர் ஊறினாலும் வேலை நிற்கும், பாவில் சாரல் அடித்தாலும் நிற்கும். நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் பழைய ஓட்டுக்கு மேலே ஒரு தகரக் கூரை, தறிக்கூடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு, மாடியில் பாவு நனையாமல் இருக்க ஒரு ஷெட் என்று ஏதாவது ஒன்று வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. பாலாற்றங்கரையில் இருக்கும் ஓரிக்கையில் காஞ்சிப் பெரியவருக்கு எழுப்பிய மணிமண்டபம் கருங்கல் கட்டடம். அதற்குத் துருவைப் பற்றிய பயமில்லை. அதைச் சுற்றியிருக்கிற ஊருக்கு உண்டு. கேட், ஷட்டர், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, கூரையைத் தாங்கும் டிரஸ் எல்லாமே இரும்பு. துருப்பிடிக்காத இரும்பு வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஜி.ஐ. பைப், அல்லது விலை குறைந்த ஜி.பி. பைப்.

இந்தப் பைப்பை வாங்கி, வெல்டரைக் கூப்பிட்டு, "தம்பி, மழைக்குள்ள முடிச்சிடுப்பா" என்று சொல்கிற வீட்டுக்காரருக்காகத்தான் முதலில் இந்தக் கட்டுரை. வெல்டருக்கு அதற்கு அடுத்தபடி. ஏனென்றால் அந்தத் தம்பிக்கு அன்று ராத்திரி காய்ச்சல் வருமா வராதா என்பது ராடு பற்றுவதற்கு முன்பே, பைப் வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. ஜி.பி.யும் அப்படித்தான், பூச்சு மட்டும் மெலிது. 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். பிரான்ஸில் ஸ்தானிஸ்லாஸ் சோரெல் 1837இல் காப்புரிமை பெற்ற முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. துத்தநாகம் இரும்பை மூடுவதோடு நிற்பதில்லை. மேலே கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், ஈரம் பட்டால் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெறும் பெயின்டுக்கு இந்தக் குணம் இல்லை. தொட்டியில் முக்கியெடுத்த கனமான இரும்பில் பூச்சு 45 முதல் 85 மைக்ரான் வரை இருக்கும். மெல்லிய தகரத்திலும் ஜி.பி. பைப்பிலும் அதைவிட மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கனம்தான் புகையாக மாறும்போது அறையை நிரப்புகிறது.

காரணம் எளிது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் ஆர்க்கின் சூடு பல ஆயிரம் டிகிரி. ஆகவே இரும்பு உருகி ஒன்றோடொன்று கலப்பதற்கு வெகு முன்பே அங்கிருந்த துத்தநாகம் கொதித்துக் கிளம்பிவிடுகிறது. காற்றைத் தொட்ட உடனே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து துத்தநாக ஆக்சைடு ஆகிறது. ஜி.ஐ.யில் வெல்டிங் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகை இதுதான்.

பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். பூச்சில்லாத சாதாரண கருப்புப் பைப்பில் ராடு ஓடும்போது சாம்பல் நிறப் புகை மெலிதாக எழும். ஜி.ஐ. பைப்பில் வைத்ததும் சடசடவென்று பொறி தெறிக்கும், சுவாலையில் பச்சை கலந்த நீலம் தோன்றும், பால்வெள்ளைப் புகை செங்குத்தாக மேலே ஏறும். வெல்டைச் சுற்றி ஒரு மஞ்சள் பொடி படியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறி வெள்ளையாகும். துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகவும் குளிர்ந்தால் வெள்ளையாகவும் இருப்பது அதன் தனிக் குணம். சில நேரம் ஒட்டடை போல வெள்ளை இழைகள் மிதந்து வந்து சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் அந்த இழைகளை விட மோசமானது, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும் மீதிதான். அந்தத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும் அளவு அது.

எவ்வளவு புகை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் பூசிய தகரம் சந்தையில் சாதாரணம். அதில் ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் துண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிராம் துத்தநாகம் இருக்கிறது. ஒரு கிராம் துத்தநாகம் எரிந்தால் ஒன்றேகால் கிராம் ஆக்சைடு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் அனுமதித்த துத்தநாக ஆக்சைடு புகை 5 மில்லிகிராம். அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர, இந்த ஒன்றேகால் கிராமுக்கு 250 கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் இருப்பது 34 கன மீட்டர்தான். ஏழு அறையின் காற்று வேண்டிய இடத்தில் ஓர் அறை. அந்த அறையில் வெல்டர் ஒரு ஜாயின்டோடு நிறுத்துவதில்லை. தலையை வேறு புகைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தில் எண் இருக்கிறதே தவிர, அது அளக்கப்படுகிற இடம் வேறு. மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குச் சட்டம் பொருந்தும். இரண்டு பேர் நடத்தும் தெருமுனைப் பட்டறைக்கும், இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து வேலை செய்கிறவருக்கும் யாரும் காற்றை அளந்து பார்ப்பதில்லை. அங்கே பாதுகாப்பு என்பது வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் பேசி முடிவு செய்கிற விஷயம். பேசுவதற்கு இருவருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சலுக்கு வருவோம். வேலை நடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. வாயில் இனிப்பு கலந்த ஓர் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம் என்று சிலருக்கு இருக்கும். கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு மணி நேரமோ, பத்து மணி நேரமோ கழித்துத்தான் ஆரம்பிக்கும்: குளிர் நடுக்கம், அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல், நெஞ்சில் ஓர் இறுக்கம். 101, 102 டிகிரி என்று காய்ச்சல் ஏறும். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி இறங்கும். ஒன்றிரண்டு நாளில் சுவடே இல்லாமல் போய்விடும்.

இந்த நோயின் தந்திரம் முழுவதும் இந்தத் தாமதத்தில் இருக்கிறது. நெருப்பு சுட்டால் உடனே கையை எடுக்கிறோம்; அந்த அனுபவம் மறப்பதில்லை. மதியம் சுவாசித்ததற்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் அதையும் இதையும் யார் முடிச்சுப் போடுவது? "வெயில்ல நின்னேன்", "ஊர்ல எல்லாருக்கும் ஜுரமா இருக்கு" என்று போய்விடும். மழைக்காலமோ டெங்கு காலம். மருத்துவமனைக்குப் போனால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். டெங்குவில் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் குறையும். துத்தநாகப் புகைக் காய்ச்சலில் கூடும். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கிற டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நேற்று என்ன வேலை செய்தார் என்று தெரிந்தால்தான் இந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. "நேத்து பூரா ஜி.ஐ. பைப்புல வெல்டிங் வெச்சேன் டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் அந்த அறையில் சொல்லப்பட வேண்டும். மூச்சு வாங்குவது குறையாமல் கூடிக்கொண்டே போனால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, அது வேறு ஏதோ. அந்த வேறு என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

வெல்டிங் வருவதற்கு முன்பே இந்தக் காய்ச்சல் இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. பித்தளையை உருக்கி வார்ப்பவர்களுக்கு ராத்திரியில் குளிர்காய்ச்சல் வருவதை இங்கிலாந்தில் லீட்ஸ் நகர மருத்துவர் தாக்ரா 1831இல் எழுதினார். 1862இல் கிரீன்ஹோ என்ற மருத்துவர், குற்றவாளி செம்பு அல்ல, உருக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகைதான் என்று காட்டினார். குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற நாச்சியார்கோவில் பட்டறைகளிலும் பித்தளை உருகும்போது மூசையிலிருந்து எழுவது அதே வெள்ளைப் புகைதான்.

இன்னும் பின்னால் போனால், துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுப்பதற்கே இந்த ஆவிதான் பல நூற்றாண்டு தடையாக இருந்தது. தாதுவைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் மற்ற உலோகங்கள் உருகி அடியில் தங்கும். துத்தநாகம் ஆவியாகி மேலே போய், காற்றில் எரிந்து பொடியாகிவிடும்; கையில் எதுவும் மிஞ்சாது. இதற்கு வழி கண்டவர்கள் ராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஜாவர் என்ற ஊரின் உலோகத் தொழிலாளர்கள். மண்குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த பகுதி என்று அமைத்து, ஆவி காற்றைத் தொடாமல் கீழே இறங்கிக் குளிர்ந்து சொட்டும்படி செய்தார்கள். பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் 1738இல் துத்தநாகம் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதற்கு நூற்றாண்டுகள் முன்பே ஜாவரில் இது பெருமளவில் நடந்தது. பயன்படுத்தி எறிந்த குடுவைகள் இன்றும் அங்கே மேடு மேடாகக் கிடக்கின்றன. ஆவியைக் காற்றில் விடாமல் பிடிக்க அத்தனை பாடுபட்ட நாட்டில், அதே ஆவியை மூடிய அறைக்குள் மூச்சோடு இழுக்கவிடுகிறோம் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

துத்தநாக ஆக்சைடு விஷமா என்றால், தோலுக்கு இல்லை. அரிப்புக்குத் தடவும் ரோஸ் நிற கேலமைன் லோஷனில் இருப்பது அதுதான். சித்த மருத்துவத்தின் நாக பற்பமும் துத்தநாகம்தான். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை கொடுக்கிறார்கள். உடலுக்குத் தேவையான ஒரு தாது அது. நுரையீரலின் அடியாழத்துக்கு, புதிதாக உண்டான நுண்துகளாக, மொத்தமாகப் போய் இறங்கும்போதுதான் வினை. 1991இல் பிளாங்க் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் தொழில்முறை வெல்டர்களை ஜி.ஐ. இரும்பில் வெல்டிங் செய்ய வைத்து, பிறகு நுரையீரலுக்குள் நீர் செலுத்தி எடுத்துப் பார்த்தார்கள். புகை அதிகமாகப் போனவர்களின் நுரையீரலில் வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டிருந்தன. காற்றறைகளைக் காவல்காக்கும் செல்கள் துகளை விழுங்கி, படை திரட்டும் வேதிச் செய்திகளை ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்திகள்தான் உடலைச் சூடேற்றுகின்றன. கிருமியே இல்லாமல் கிருமிக்காய்ச்சல் போல இருப்பது அதனால்தான். செய்தி எழுந்து படை சேர நேரமாகிறது. நோய் தாமதமாக வருவதும் அதனால்தான்.

"எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சுங்க" என்று வெல்டர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. தினமும் புகையில் நிற்பவருக்குக் காய்ச்சல் வருவது குறைந்துவிடும். ஓரிரு நாள் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கள் வேலைக்கு வந்தவருக்கு மறுபடி வரும். மேலை நாட்டு ஆலைகளில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர். பொங்கல் விடுமுறை முடிந்து பட்டறை திறக்கிற நாளும் அப்படிப்பட்ட நாள்தான். பழகியது காய்ச்சல் மட்டுமே. புகை உள்ளே போவது நிற்கவில்லை. எந்த இரும்பிலிருந்து வந்தாலும் வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, உலகமெங்கும் வெல்டர்களிடம் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. வெல்லத்தையும் இப்படிச் சொல்வதுண்டு; அதற்கு ஓர் ஆய்வு உண்டு. லக்னோவில் இருந்த தொழில் நச்சியல் ஆய்வு மையத்தினர் 1994இல் எலிகளின் நுரையீரலில் நிலக்கரித் தூசி, மணல் தூசியைச் செலுத்தி, வெல்லம் கொடுத்த எலிகளில் தூசி வெளியேறுவது கூடியதாக எழுதினார்கள். அது தூசி, அதுவும் எலியில். துத்தநாகப் புகைக்கு அதைக் கொண்டுவந்து பொருத்த முடியாது. பாலும் வெல்லமும் சத்துள்ள உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அரை லிட்டர் பால் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஜன்னலைச் சாத்தி வைத்து வேலை வாங்குவது அநியாயம்.

மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால் அது வேறு ஏதோ என்று மேலே விட்டேனே, அந்த வேறு என்பது காட்மியம். கே.டி.எம். நகை என்று நாம் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த உலோகம்தான். தங்கத்தைப் பொடிவைக்கக் காட்மியம் கலந்து, அந்தப் புகையை ஊதுகுழல் பிடித்த பொற்கொல்லர்கள் சுவாசித்தார்கள். 767 டிகிரியிலேயே ஆவியாகும் இது துத்தநாகத்தைவிடப் பல மடங்கு கொடியது. தொடக்கம் துத்தநாகக் காய்ச்சல் போலவே இருக்கும். ஆனால் அது இறங்கும் நேரத்தில் இது நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கக்கூடும். பழைய இயந்திரப் பாகங்கள், காயலான் கடையில் வாங்கிய முலாம் பூசிய போல்ட்டுகள், சில வெள்ளிப் பற்றாசுக் கம்பிகள் இவற்றில் காட்மியம் இருக்கலாம். என்ன முலாம் என்று தெரியாத இரும்பில் ராடு வைக்காமல் இருப்பதே நல்லது.

இனி, செய்ய வேண்டியது. எல்லாவற்றிலும் நல்லது, பூசிய இரும்பில் வெல்டிங்கே வைக்காமல் இருப்பது. வேலை பெரிதென்றால் கருப்புப் பைப்பை வாங்கி, முழுவதும் வெல்டிங் செய்து முடித்து, பிறகு துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது இரண்டு முனையும் அடைத்த பைப்பில் துளை போட்டிருக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் தொட்டியின் சூட்டில் வெடித்துவிடும். அனுப்ப வசதி இல்லையென்றால் கருப்புப் பைப்பில் செய்து, துருவெதிர்ப்பு பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் கூரைச் சட்டத்துக்கு அதுவே போதும். தகரத்தைச் சட்டத்தோடு சேர்க்க வெல்டிங் தேவையே இல்லை, ஜே போல்ட்டும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. வண்ணம் பூசிய ஷீட்டில் ராடு வைத்தால் துத்தநாகத்தோடு பெயின்டும் எரிந்து புகையும்.

ஜி.ஐ.யில்தான் வைத்தாக வேண்டும் என்றால், வைக்கும் இடத்தில் பூச்சை எடுத்துவிட வேண்டும். ஜாயின்டின் இருபுறமும் ஓர் அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை எடுக்கச் சொல்கிறது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி19.0 என்ற வழிகாட்டி. கேஸ் சுவாலையால் எரித்து எடுப்பது வீண் வேலை, அதே புகைதான் வரும். கிரைண்டிங் வீல் போதும். கவனித்தால் ஒன்று தெரியும்: வீல் துத்தநாகத்தில் ஓடும்வரை பொறி பறக்காது, மங்கலான பொடிதான் கொட்டும். பொறி நன்றாகப் பூப்பூவாகச் சிதறத் தொடங்கினால் இரும்பு வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். இதனால் வெல்டும் உறுதியாகும். துத்தநாக ஆவி உருகிய இரும்பில் சிக்கி ஏற்படுத்தும் ஊசித்துளைகள் வராது. வீட்டுக்காரர் இதற்கு ஆகும் அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும்.

பைப்பின் உட்பக்கத்தைத் தேய்க்க முடியாது. அங்கும் பூச்சு இருக்கிறது. ஓரிடத்தில் வெல்டிங் வைக்கும்போது பைப்பின் மறுமுனை வழியாக வெள்ளைப் புகை வெளியே வருவதைப் பார்க்கலாம். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் பையனின் முகத்துக்கு நேராக. வெல்டருக்காவது முகத்தில் ஷீல்டு இருக்கிறது, அவனுக்கு எதுவும் இல்லை. பைப்பைக் கையால் பிடிக்க வைக்காமல் கிளாம்பு போட வேண்டும்.

இடம்: வெளியே. தெருவிலோ மாடியிலோ வைத்து வெல்டிங் முடித்து, பாகங்களாக உள்ளே கொண்டுபோய் போல்ட் போட்டு இணைக்கலாம். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நிற்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வந்தால் உடம்பின் முன்னால் சுழன்று முகத்துக்கே வரும். புகை நேராக மேலே போவதால் தலையைச் சற்று ஒதுக்கினாலே பெரும்பகுதி தவிர்க்கலாம். தறிக்கூடத்துக்குள்தான் வைக்க வேண்டிய நிலை வந்தால், பொறி விழுந்து இழை கருகிவிடும் என்று பாவுக்கு மேல் போர்வை போடுகிற அதே அக்கறையோடு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி போன்ற மூடிய இடத்துக்குள் போய் இந்த வேலை செய்யவே கூடாது.

முகத்தில் கட்டும் ஈரத்துண்டும் நீல நிற மருத்துவ மாஸ்க்கும் இந்தத் துகளைத் தடுக்காது. கொரோனா காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்ட என்95, அல்லது ஐ.எஸ். 9473 தரக் குறியோடு வரும் எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் வேண்டும். ஷீல்டுக்கு உள்ளே அது அடங்கும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து பலன் போய்விடும். இது கடைசிக் காவல்தான். பூச்சை எடுக்காமல், அறைக்குள் நின்றுகொண்டு மாஸ்க்கை மட்டும் நம்பக் கூடாது.

வேலை முடிந்தபின் வெல்டைச் சுற்றி வெறும் இரும்பு இருக்கும், மழைக்கு அதுதான் முதலில் துருப்பிடிக்கும். பெரும்பாலும் அங்கே சில்வர் பெயின்ட் அடித்துவிடுவார்கள், நிறம் பொருந்திப்போகும். சில்வர் பெயின்ட் என்பது அலுமினியப் பொடி கலந்த பெயின்ட், இரும்புக்காகத் தான் அரிபடும் குணம் அதற்கு இல்லை. துத்தநாகப் பொடி அதிகம் கலந்த ஜிங்க் பெயின்ட் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வெல்டின் மேல் படிந்த கசடைத் தட்டியெடுத்து, கம்பி பிரஷால் தேய்த்து, ஆறியபின் அதை இரண்டு கை அடிக்க வேண்டும். வெல்டருக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே மாஸ்க்கையும் அந்த டப்பாவையும் வாங்கி வைத்துவிடலாம்.